சிடிஆர் ஏறினால் போதுமா?

ஜூன் 3, மாலை (ஒரு வாசகர் எழுதியது)

இணைய விளம்பரத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் ஒன்றுதான்: சிடிஆர். நூறு தடவை காட்டினால் எத்தனை கிளிக் விழுகிறது என்று அது சொல்லிவிடும். ஏறினால் விளம்பரம் வேலை செய்கிறது, இறங்கினால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். சிபிஎம், சிபிசி, சிபிஏ, ரோவாஸ், வியூவபிலிட்டி, ஆட்ரிபியூஷன் என்று அடுக்குவதெல்லாம் ஏஜென்சிக்காரர்கள் அறிக்கையை நீட்டுவதற்கு. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள், கேட்கிறேன்.

ஜூன் 3, இரவு

இல்லை என்கிறேன். விளம்பரதாரர்களுக்கு மாதாந்தர அறிக்கை தயாரிப்பது என் வேலை. அதற்கு முன் சொந்தமாக ஒரு தளம் நடத்தி, அதில் விளம்பரம் போட்டுச் சம்பாதித்தும் இருக்கிறேன். காசு கொடுக்கிற பக்கம், வாங்குகிற பக்கம் இரண்டிலும் இருந்து பார்த்ததால் இந்தப் பேச்சைச் சும்மா விட முடியவில்லை.

ஒரு கேம்பெய்ன் அறிக்கையில் ஒரே ஓர் இடத்தின் சிடிஆர் மட்டும் தனியாக உயர்ந்து நின்றது. மொபைல் கேம் ஆப்களுக்குள் ஓடிய பேனர் அது. செய்திக் கட்டுரைகளுக்கு நடுவே ஓடியதைவிடப் பல மடங்கு. பட்ஜெட் முழுவதையும் அங்கே திருப்பிவிடுங்கள் என்றார் வாடிக்கையாளர். நான் லேண்டிங் பேஜின், அதாவது கிளிக் செய்தவர் வந்து சேரும் பக்கத்தின், கணக்கைத் திறந்து காட்டினேன். அந்த வழியாக வந்தவர்களில் பெரும்பாலோர் பக்கம் முழுதாகத் திறப்பதற்குள் திரும்பிப் போயிருந்தார்கள். விளையாட்டுக்கு நடுவில் குறுக்கே வந்த விளம்பரத்தை மூடப் போன விரல், விளம்பரத்தின் மேலேயே பட்டிருக்கிறது. அதுவும் கணக்கில் ஒரு கிளிக்தான். அதற்கும் காசு போனது, சிடிஆரும் ஏறியது. அந்த இடத்திலிருந்து விற்பனை ஒன்றுகூட வரவில்லை.

இந்தச் சொற்களில் பெரும்பாலானவை வகுத்தல் கணக்குகள். எதை வகுக்கிறார்கள், எதால் வகுக்கிறார்கள், எண்ணியது யார் என்று மூன்றும் கேட்டுவிட்டால் பாதி புரிந்துவிடும். மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை.

ஜூன் 4, காலை

சிபிஎம், சிபிசி, சிபிஏ மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் நாளைக்கே மறந்துவிடும். நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் மறக்காது.

சிபிஎம் என்றால் ஆயிரம் தடவை காட்டியதற்கு இவ்வளவு. ஒருவர்கூடக் கிளிக் செய்யாவிட்டாலும் விளம்பரதாரர் கொடுத்தாக வேண்டும். சிபிசி என்றால் கிளிக் விழுந்தால்தான் காசு. யாரும் தொடாத விளம்பரத்தைக் காட்டி இடம் வீணாய்ப் போனால் அது தளத்துக்காரருக்கு நஷ்டம். சிபிஏ என்றால் வாங்கினால், பதிவு செய்தால், ஆப்பை இறக்கினால்தான் காசு. அஃபிலியேட் வியாபாரம் (பிறர் பொருளைப் பரிந்துரைத்துக் கமிஷன் வாங்குவது) பெரும்பாலும் இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. இதில் ஒரு கொடுமை உண்டு. விற்கிறவரின் பணம் செலுத்தும் பக்கம் பாதியில் நின்றுபோனால்கூட, ஆளை அங்கே கொண்டுவந்து சேர்த்த தளத்துக்காரருக்கு ஒன்றும் கிடைக்காது.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது சின்னக் கணக்கு. எந்த நாணயமானாலும் சரி, சிபிஎம் 100 என்று வையுங்கள். 10,000 இம்ப்ரெஷனுக்கு, அதாவது 10,000 தடவை காட்டியதற்கு, 1,000 செலவு. சிடிஆர் 0.5 சதவீதம் என்றால் 50 கிளிக், ஆக ஒரு கிளிக் 20. வந்தவர்களில் 4 சதவீதம் பேர் வாங்கினால் 2 விற்பனை, ஆக ஒரு விற்பனைக்கு 500. இப்போது சிடிஆர் இரட்டிப்பாகி 100 கிளிக் வருகிறது, வாங்குபவர்கள் அதே 2 பேர்தான் என்று வையுங்கள். சிபிசி 10 ஆக இறங்கிவிடும், அறிக்கையில் இரண்டு எண்கள் அழகாகிவிடும். விற்பனைக்கான செலவு அதே 500.

ஜூன் 4, மதியம்

வேலைக்கு நடுவில் ஒன்று நினைவுக்கு வந்தது. இந்த முறைகள் வந்த வரிசையும் நஷ்டம் கைமாறிய கதைதான். 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்ட் தளத்தில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பேனர் ஓடியது. பேனர் விளம்பரத்தின் தொடக்கம் என்று எல்லோரும் காட்டுவது அதைத்தான். அப்போது பத்திரிகையில் இடம் வாங்குவது போலத்தான் இதையும் வாங்கினார்கள். 1998ல் கோடூ டாட் காம் வந்து, தேடல் முடிவுகளில் கிளிக்குக்கு ஏலம் வைத்தது. அது பிறகு ஓவர்ச்சர் என்று பெயர் மாற்றிக்கொண்டது, 2003ல் யாஹூ வாங்கிக்கொண்டது. கூகுள் 2000ல் தன் விளம்பரச் சேவையான ஆட்வேர்ட்ஸைத் தொடங்கியபோது சிபிஎம்மில்தான் விற்றது. கிளிக் ஏலத்துக்கு மாறியது 2002ல். காட்டினாலே காசு என்பது போய், வந்தால் காசு என்று ஆனதும் சின்ன வியாபாரிகளுக்குத் துணிச்சல் வந்தது.

ஜூன் 4, இரவு

சதவீதங்களைக் கூட்டிச் சராசரி போடாதீர்கள். இன்று பார்த்த ஒரு ஷீட்டில்கூட அப்படித்தான் இருந்தது. ஒரு விளம்பரம் 100 இம்ப்ரெஷன், 10 கிளிக். சிடிஆர் 10 சதவீதம். இன்னொன்று 10,000 இம்ப்ரெஷன், 100 கிளிக். சிடிஆர் 1 சதவீதம். இரண்டுக்கும் சராசரி 5.5 என்று அடியில் எழுதியிருக்கிறது. 10,100 இம்ப்ரெஷனுக்கு 110 கிளிக், அதாவது 1.1 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மொத்தத்தை மொத்தத்தால் வகுக்க வேண்டும்.

ஜூன் 5

சிடிஆரில் வகுக்கிற எண் இம்ப்ரெஷன். அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இம்ப்ரெஷன் என்றால் ஒருவர் பார்த்தார் என்று அர்த்தமில்லை. விளம்பரம் அந்தப் பக்கத்தில் ஏற்றப்பட்டது என்பதோடு சரி.

என் தளத்தில் கட்டுரைக்கு மேலே ஒரு விளம்பர இடம், பக்கத்தின் அடியில் ஒன்று. பக்கம் திறந்தவுடன் இரண்டும் சேர்ந்தே ஏறிவிடும், அதனால் இம்ப்ரெஷன் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் அடிவரை ஸ்க்ரோல் செய்து வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அப்புறம் லேஸி லோடிங் போட்டேன். வாசகர் அந்த இடத்தை நெருங்கும்போதுதான் விளம்பரம் ஏறும். அடி இடத்தின் இம்ப்ரெஷன் சரிந்தது, கிளிக் அப்படியே இருந்தது, சிடிஆர் குதித்தது. விளம்பரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, வாசகர்களும் அதே வாசகர்கள். முதல் கேள்வி எழுதிய நண்பரே, ஏறினால் விளம்பரம் வேலை செய்கிறது என்றீர்களே, இங்கே எது வேலை செய்தது?

வியூவபிலிட்டி என்ற சொல் வந்தது இதற்காகத்தான். அளவீட்டுக்கு விதி வகுக்கும் அமெரிக்க அமைப்பான மீடியா ரேட்டிங் கவுன்சிலின் வரையறைப்படி, விளம்பரத்தின் பிக்சல்களில் பாதியாவது திரையில் தொடர்ந்து 1 நொடி இருந்தால் அது பார்க்கத்தக்க இம்ப்ரெஷன். வீடியோ என்றால் 2 நொடி. ஒரு நொடி என்பது குறைவுதான், எனக்கும் அதில் திருப்தியில்லை. ஆனாலும் அடியில் யாரும் போகாத இடத்துக்குக் காசு கொடுப்பதை அது தடுக்கிறது. சிபிஎம்மில் வாங்குகிறவர்கள் வியூவபிலிட்டி எத்தனை சதவீதம் என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

ஜூன் 5, இரவு

மேலே எழுதியதோடு சேர்க்க வேண்டியது. வகுக்கிற எண்ணை மாற்றினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2016ல் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்ட விஷயம் இருக்கிறது. வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று காட்டிய இடத்தில், மொத்தப் பார்வை நேரத்தை 3 நொடிக்கு மேல் பார்த்தவர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுத்திருந்தார்கள். உடனே தள்ளிவிட்டுப் போனவர்கள் வகுக்கிற எண்ணில் இல்லவே இல்லை. ஆகவே சராசரி வீங்கியது. அந்த எண்ணை நம்பி எத்தனையோ பேர் வீடியோவுக்குச் செலவை மாற்றியிருப்பார்கள்.

ஜூன் 7

"அப்படியானால் சிடிஆருக்கு மதிப்பே இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் என் பேச்சு ஒருதலையாகிவிடும்.

தேடல் விளம்பரத்தில் அதிகத் தொகை கேட்டவருக்கு அப்படியே முதலிடம் போவதில்லை. கூகுளில் ஆட் ரேங்க் என்று ஒரு கணக்கு உண்டு. நீங்கள் கேட்ட தொகையோடு விளம்பரத்தின் தரமும் சேர்ந்துதான் இடம் முடிவாகிறது. குவாலிட்டி ஸ்கோர் என்று 1 முதல் 10 வரை உங்களுக்குக் காட்டுவது அந்தத் தரத்தின் ஓர் அடையாளம். அதில் பார்ப்பது மூன்று: எவ்வளவு சிடிஆர் எதிர்பார்க்கலாம், தேடிய சொல்லுக்கு விளம்பரம் எவ்வளவு பொருந்துகிறது, லேண்டிங் பேஜ் எப்படி இருக்கிறது. இங்கே நல்ல சிடிஆர் உண்மையிலேயே சிபிசியைக் குறைக்கும். தேடலில் ஆள் தானாகக் கேட்டு வருகிறார், அதனால் கிளிக்குக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. கேம் ஆப்பில் குறுக்கே வந்து விழும் பேனரின் கிளிக்கையும் இதையும் ஒரே அளவுகோலில் வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

தளத்துக்காரர் பக்கம் பார்க்க வேண்டிய எண் இசிபிஎம். எந்த முறையில் விற்றாலும் ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு கடைசியில் கையில் வந்தது எவ்வளவு என்பது. ஒரு விளம்பரத்துக்கு சிடிஆர் 1 சதவீதம், கிளிக்குக்கு 8; ஆயிரத்துக்கு 80 வரும். இன்னொன்றுக்கு சிடிஆர் 0.3 சதவீதம்தான், ஆனால் கிளிக்குக்கு 40, ஆயிரத்துக்கு 120. ஏலம் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கும். நானும் அதைத்தான் எடுப்பேன்.

ஜூன் 7, சற்றுப் பிறகு

ஏலம் என்றதும் பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜெயித்தவர் இரண்டாவது ஆள் கேட்ட தொகையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் போதும் என்பது பழைய முறை. தளங்களில் பேனர் இடம் விற்கும் கூகுள் ஆட் மேனேஜர் 2019ல் அதைக் கைவிட்டது. கேட்ட தொகையையே கொடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. பழைய நினைப்பில் தாராளமாகக் கேட்டுவைத்தால் தாராளமாகவே போகும்.

ஜூன் 10

பவுன்ஸ் ரேட் பற்றிக் கேட்டவருக்கு: எந்த வருட அறிக்கை என்று முதலில் பாருங்கள். தளத்துக்கு வந்தவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பில், வந்தவர் ஒரே பக்கத்தோடு வேறு எதையும் தொடாமல் போய்விட்டால் பவுன்ஸ். பத்து நிமிடம் உட்கார்ந்து கட்டுரை முழுவதையும் படித்திருந்தாலும் பவுன்ஸ்தான். அந்தப் பதிப்பு 2023 ஜூலை 1 முதல் புதுக் கணக்கு எடுப்பதை நிறுத்திவிட்டது. அதன் புதிய பதிப்பான ஜிஏ4ல் 10 நொடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, நீங்கள் முக்கியம் என்று குறித்த செயல் ஒன்றைச் செய்தாலோ அது ஈடுபாடுள்ள வருகை. மிச்சமிருப்பதுதான் பவுன்ஸ். பெயர் ஒன்று, கணக்கு வேறு. பழையதையும் புதியதையும் ஒரே வரைபடத்தில் ஒட்டி "பவுன்ஸ் ரேட்டைக் குறைத்துவிட்டோம்" என்று காட்டுபவர்களிடம் உஷாராக இருங்கள்.

மின்னஞ்சலில் ஓப்பன் ரேட்டுக்கும் இதே கதி. கண்ணுக்குத் தெரியாத ஒரு படம் இறங்கினால் அஞ்சல் திறக்கப்பட்டது என்று எண்ணுவது வழக்கம். 2021 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 15 முதல், தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு ஆப்பிளின் மெயில் ஆப் அந்தப் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. திறக்காத அஞ்சலும் திறந்ததாக விழும். அஞ்சலுக்குள்ளிருந்து வந்த கிளிக்கைப் பாருங்கள், ஓப்பனை விட்டுவிடுங்கள்.

ஜூன் 11

யூடிஎம் பற்றிச் சுருக்கமாக. இணைப்பின் வாலில் எங்கிருந்து, எந்த வழியாக, எந்தக் கேம்பெய்ன் என்று ஒட்டிவிடும் குறிப்பு. 2005ல் கூகுள் வாங்கிய அர்ச்சின் என்ற மென்பொருளிலிருந்து வந்தது. நான் திறந்து பார்த்த கணக்குகளில் திரும்பத் திரும்பக் காண்பது: ஒருவர் ஃபேஸ்புக்கைப் பெரிய எழுத்தில் தொடங்கியிருப்பார், இன்னொருவர் எல்லாம் சின்ன எழுத்து, மூன்றாமவர் எஃப்பி என்று சுருக்கியிருப்பார். அறிக்கையில் மூன்று தனித்தனி வரிகளாக நிற்கும், மூன்றும் சோனியாகத் தெரியும். எல்லாம் சின்ன எழுத்து என்று ஒரு விதி வைத்து, ஒரு ஷீட்டில் எழுதி, எல்லோரும் அதிலிருந்தே எடுங்கள். சொந்தத் தளத்தின் உள் இணைப்புகளில் யூடிஎம் போடவே கூடாது. வந்தவர் முதலில் எங்கிருந்து வந்தார் என்ற கணக்கு குழம்பிவிடும்.

ஜூன் 14

எண்ணியது யார் என்ற மூன்றாவது கேள்வி ஆட்ரிபியூஷனில்தான், அதாவது ஒரு விற்பனை எந்த விளம்பரத்தால் வந்தது என்று கணக்கு எழுதுவதில்தான் கடிக்கிறது. இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கி எழுதுகிறேன்.

ஒருவர் திங்கட்கிழமை இன்ஸ்டாகிராமில் விளம்பரத்தைக் கிளிக் செய்கிறார், வாங்கவில்லை. வியாழக்கிழமை கூகுளில் தேடி, அங்கே வந்த விளம்பரத்தைக் கிளிக் செய்து வாங்குகிறார். விற்பனை ஒன்று. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் வழக்கமான அமைப்பு, கிளிக் செய்து 7 நாளுக்குள் அல்லது பார்த்து 1 நாளுக்குள் வாங்கினால் தன் கணக்கில் சேர்ப்பது. கூகுள் ஆட்ஸில் கிளிக்குக்கு 30 நாள் வழக்கம். ஆக இரண்டும் அந்த விற்பனையைத் தன்னுடையது என்று எழுதிக்கொள்ளும். யாரும் பொய் சொல்லவில்லை, அவரவர் விதிப்படி சரிதான். மொத்தத்தில் மெட்டா 60 விற்பனை, கூகுள் 70 விற்பனை என்று காட்டும். ஆர்டர் புத்தகத்தில் மொத்தமே 90 இருக்கும். இரண்டையும் கூட்டி 130 என்று எழுதிய அறிக்கைகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் என் அறிக்கையில் முதல் வரி எப்போதும் வாடிக்கையாளரின் சொந்த ஆர்டர் எண்ணிக்கை. தளங்கள் சொல்லும் எண்கள் அதற்குக் கீழே, கூட்டப்படாமல் தனித்தனியாக. வாடிக்கையாளருக்கு முதல் மாதம் அது பிடிக்காது. பல இடங்களில் பார்த்த அனுபவம், இரண்டாவது மாதத்துக்குள் அவரே அந்த முதல் வரியைத்தான் தேடுவார்.

எண்ணுவதே வருடத்துக்கு வருடம் கடினமாகிறது. ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020ல் மூன்றாம் தரப்புக் குக்கிகளை (ஒரு தளத்துக்கு வந்தவரை இன்னொரு தளத்திலும் அடையாளம் காண உதவும் சிறு பதிவுகளை) முழுவதுமாக அடைத்துவிட்டது. 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்தபோது, மற்ற ஆப்களிலும் தளங்களிலும் பின்தொடர்வதற்கு ஆப்கள் அனுமதி கேட்டாக வேண்டும் என்றாகிவிட்டது. குரோமிலும் அந்த மூன்றாம் தரப்புக் குக்கிகளை நிறுத்தப் போவதாக 2020ல் அறிவித்த கூகுள், 2024ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. இப்போது விளம்பரத் தளங்கள் காட்டும் கன்வர்ஷனில் (வாங்குவது, பதிவு செய்வது போன்ற பலனில்) ஒரு பகுதி எண்ணியது, இன்னொரு பகுதி கணித்தது. இரண்டும் ஒரே கட்டத்தில் ஒரே எண்ணாக நிற்கும்.

ஜூன் 15

ரோவாஸ், அதாவது விளம்பரச் செலவைப் போல எத்தனை மடங்கு விற்பனை என்பது, 4 வந்தால் லாபமா என்று கேட்டிருந்தார்கள். செலவு 1,000, விற்பனை 4,000. பொருளில் உங்களுக்கு மிஞ்சுவது 20 சதவீதம் என்றால் 800. விளம்பரத்துக்கே 1,000 போயிருக்கிறது. 200 நஷ்டம். 1ஐ உங்கள் லாப விகிதத்தால் வகுங்கள். 20 சதவீதத்துக்கு 5 வரும். அதற்குக் கீழே உள்ள ரோவாஸ் எல்லாம் கையிலிருந்து போவது. அதே ஆள் திரும்பத் திரும்ப வாங்கும் வியாபாரமாக இருந்தால் முதல் விற்பனையில் நஷ்டத்தைத் தாங்கலாம், ஆனால் திரும்ப வருகிறார்கள் என்பதை உங்கள் பழைய ஆர்டர்களில் காட்ட வேண்டும், நம்பிக்கையில் சொல்லக் கூடாது.

ஜூன் 21

ரோவாஸ் பற்றி எழுதிய பிறகு ஒரு வாரமாக மனதில் ஓடிக்கொண்டிருப்பது இது. மேலே எழுதிய அத்தனை சொற்களையும் சரியாகக் கணக்கிட்டாலும் ஒரு கேள்வி மிச்சம் நிற்கிறது: விளம்பரம் இல்லாமலேயே அவர் வாங்கியிருப்பாரா? இதற்கு இன்க்ரிமென்டாலிட்டி என்று பெயர்.

ஈபே இதை நேரடியாகச் சோதித்தது. 2012ல், தன் பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டிய விளம்பரங்களைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தது. போன கிளிக்குகளில் 99 சதவீதத்துக்கு மேல் பக்கத்திலேயே இருந்த இலவசத் தேடல் முடிவு வழியாகத் திரும்பி வந்துவிட்டன. பெயர் சேராத பொதுச் சொற்களுக்கான விளம்பரத்தையும் சோதித்தார்கள். புதியவர்களிடமும் எப்போதாவது வாங்குபவர்களிடமும் பலன் இருந்தது. அடிக்கடி வாங்குபவர்களிடம் இல்லை. செலவில் பெரும்பகுதி போய்க்கொண்டிருந்ததோ அந்த அடிக்கடி வாங்குபவர்களுக்கு. பிளேக், நோஸ்கோ, டடேலிஸ் மூவரும் எழுதிய இந்த ஆய்வு 2015ல் எகனாமெட்ரிகா இதழில் வந்தது. ரீமார்க்கெட்டிங்குக்கும் (ஏற்கெனவே தளத்துக்கு வந்தவர்களுக்கே திரும்ப விளம்பரம் காட்டுவது) பெயர்த் தேடல் விளம்பரத்துக்கும் ரோவாஸ் எப்போதும் வானத்தில் நிற்பதன் காரணம் இதில் இருக்கிறது. ஏற்கெனவே வாங்கப் போகிறவர்களைத்தான் அவை தேடிப் பிடிக்கின்றன.

ஜூன் 22

"எங்களுடையது சின்ன நிறுவனம், ஈபே செய்ததை நாங்கள் எப்படிச் செய்வது?" செய்யலாம், சிறிய அளவில். விற்பனை ஏறக்குறைய ஒன்றாக நடக்கும் பகுதிகளை இரண்டு குழுக்களாகப் பிரியுங்கள். ஒன்றில் விளம்பரத்தை நிறுத்துங்கள், மற்றதில் அப்படியே ஓடட்டும். அந்தச் சமயத்தில் விலை குறைப்பதோ, புதுச் சலுகை அஞ்சல் அனுப்புவதோ கூடாது. கிளிக் செய்தவர் வாங்குவதற்கு வழக்கமாக எத்தனை நாள் எடுக்கிறாரோ அதைவிட நன்றாக நீட்டி ஓட விடுங்கள்; சீக்கிரம் முடித்தால் நிறுத்துவதற்கு முன் விழுந்த கிளிக்குகளின் விற்பனை இன்னும் வந்துகொண்டிருக்கும். முடிவை விளம்பரத் தளத்தின் டாஷ்போர்டில் பார்க்க வேண்டாம், ஆர்டர் புத்தகத்தில் இரண்டு குழுக்களையும் ஒப்பிடுங்கள்.

உங்கள் சொந்தப் பெயருக்கான விளம்பரத்தை நிறுத்துவதற்கு முன் மட்டும் ஒன்று செய்யுங்கள். அந்தப் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். ஈபேயின் பெயர் எல்லோருக்கும் தெரியும். தேடியவர் நேராக அங்கேதான் போவார். உங்கள் பெயருக்குப் போட்டியாளர் ஒருவர் ஏலம் கேட்டு மேலே நின்றால் கதை வேறு. அப்படி யாராவது நின்றால் சிறிய பகுதி ஒன்றில் மட்டும் நிறுத்திப் பார்த்துவிட்டு, மற்ற இடங்களைத் தொடாமல் விடுங்கள்.